பக்கத்துக் கருந்துளைகள்: எவ்வளவு தூரம், எப்படித் தெரியும், செட்டிநாட்டு மாடியிலிருந்து என்ன தெரியும்?

கானாடுகாத்தானிலிருந்து ஓர் ஆச்சி கேட்டிருக்கிறார்கள்: “ஜூன் விடுமுறைக்குச் சிங்கப்பூரிலிருந்து பேரன் வந்திருக்கிறான். பூமிக்குப் பக்கத்தில் ஒரு கருந்துளையைக் கண்டுபிடித்துவிட்டார்கள், அது சூரியனையே விழுங்கிவிடும் என்று ஏதோ வீடியோவில் பார்த்திருக்கிறான். ராத்திரி மாடியில் படுக்க வரமாட்டேன் என்கிறான். நிஜமாகவே பக்கத்தில் இருக்கிறதா? கண்ணுக்கே தெரியாத ஒன்றை இருக்கிறது என்று எப்படிச் சொல்கிறார்கள்? அவனுக்கு மாடியிலிருந்து எதையாவது காட்ட முடியுமா?”

ஆச்சி, பயத்துக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இன்றைக்கு உறுதியாகத் தெரிந்த கருந்துளைகளில் நமக்கு மிக அருகில் இருப்பதன் பெயர் கையா பிஎச்1 (பிஎச் என்றால் ஆங்கிலத்தில் பிளாக் ஹோல், அதாவது கருந்துளை). தூரம் சுமார் 1,560 ஒளியாண்டு. ஓர் ஒளியாண்டு என்றால் 9.46 லட்சம் கோடி கிலோமீட்டர். மனிதர் அனுப்பியதிலேயே அதிகத் தொலைவு போயிருக்கும் வாயேஜர் 1 விண்கலம் நொடிக்கு 17 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அது இந்தக் கருந்துளையின் பக்கமாகத் திரும்பி ஓடினால்கூடப் போய்ச்சேர ஏறத்தாழ இரண்டே முக்கால் கோடி ஆண்டு ஆகும். அந்தப் பக்கத்திலிருந்து இன்று நம்மிடம் வந்து சேரும் ஒளி, சிம்மவிஷ்ணு காஞ்சியில் பட்டத்துக்கு வருவதற்கு முன்பே கிளம்பிவிட்டது.

விழுங்கும் கதைக்கு வருகிறேன். ஒரு பொருளின் ஈர்ப்பு அதன் நிறையையும், நாம் அதிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறோம் என்பதையும் மட்டுமே பொறுத்தது. கருந்துளை என்பதற்காகத் தனியாக ஓர் இழுவிசை கிடையாது. நம் சூரியனை எடுத்துவிட்டு அதே நிறையுள்ள கருந்துளையை அங்கே வைத்தால் இங்கே இருட்டும் குளிரும் வரும், உயிர்கள் பிழைக்காது. ஆனால் பூமி இப்போது சுற்றுகிற அதே பாதையில் அதே வேகத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும். கையா பிஎச்1-இன் நிறை சூரியனைப்போல் 9.6 மடங்கு. 1,560 ஒளியாண்டுக்கு அப்பாலிருந்து அது பூமியை இழுக்கும் இழுப்பு, சூரியன் இழுக்கும் இழுப்பில் ஆயிரம் லட்சம் கோடியில் ஒரு பங்கு. 4.3 ஒளியாண்டில் இருக்கும் ஆல்ஃபா சென்டாரி இரட்டை விண்மீன் இதைவிட ஆயிரக்கணக்கான மடங்கு அதிகமாக நம்மை இழுக்கிறது. அதற்கு யாரும் பயப்படுவதில்லை. அந்த விண்மீனைத் தெற்கு வானத்தில் இந்த மாதமே பேரனுக்குக் காட்டலாம்.

அளவையும் சொல்லவேண்டும், ஏனென்றால் படங்களில் போடுவதைப் பார்த்து கருந்துளை வானத்தையே அடைத்துக்கொண்டிருக்கும் என்று பிள்ளைகள் நினைத்துவிடுகிறார்கள். எதுவும் திரும்பி வரமுடியாத அந்த எல்லை, ஒரு சூரிய நிறைக்கு ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் ஆரம் என்ற கணக்கில் வரும். கையா பிஎச்1-க்கு 28 கிலோமீட்டர். காரைக்குடியை நடுவில் வைத்து வரைபடத்தில் அப்படி ஒரு வட்டம் போட்டால் பிள்ளையார்பட்டி, தேவகோட்டை, திருமயம், திருப்பத்தூர், உங்கள் கானாடுகாத்தான் எல்லாம் உள்ளே வரும். புதுக்கோட்டை வெளியே நிற்கும். பத்துச் சூரியனின் சரக்கு அவ்வளவுக்குள் அடங்கிவிட்டது. இத்தனை சிறியதை, ஒளியே விடாததை, 1,560 ஒளியாண்டு தள்ளி நேரடியாகப் படம் எடுக்க எந்தத் தொலைநோக்கியாலும் ஆகாது.

அப்படியானால் எப்படித் தெரிந்தது? துணையால், அதாவது கருந்துளையோடு ஜோடியாகச் சுற்றும் விண்மீனால். பக்கத்துக் கருந்துளைகளின் பட்டியல் முழுவதற்கும் உயிர்நாடி அதுதான். எந்தக் கருந்துளை முதலிடம், எது இரண்டாமிடம் என்று மனப்பாடம் செய்வதைவிட, ஒவ்வொன்றையும் எதை வைத்து எடைபோட்டார்கள் என்று பார்ப்பதுதான் முக்கியம் என்பது என் தீர்மானமான எண்ணம். எடைபோட்ட விதம் சரியாக இருந்தால் அந்தப் பெயர் நிற்கும். இல்லாவிட்டால் இரண்டு வருடத்தில் பட்டியலிலிருந்து போய்விடும். போயும் இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் 2013 டிசம்பர் 19-ல் அனுப்பிய கையா விண்கலம், பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி நின்று, கிட்டத்தட்ட 200 கோடி விண்மீன்களின் இடத்தைத் திரும்பத் திரும்ப அளந்தது. ஒவ்வொரு விண்மீனும் எங்கே இருக்கிறது, எவ்வளவு தூரம், எந்தப் பக்கம் நகர்கிறது என்பதே அதன் வேலை. 2022 ஜூனில் அது வெளியிட்ட மூன்றாவது தொகுப்பில், தனியாகத் தெரிந்தாலும் நேராக நகராமல் வளைந்து வளைந்து போகும் விண்மீன்களின் சுற்றுப்பாதைகள் லட்சத்துக்கும் மேல் இருந்தன. அவற்றைச் சலித்துப் பார்த்தவர்களில் ஒருவர் கரீம் எல்-பத்ரி. பாம்பாட்டி எனப்படும் ஓபியூக்கஸ் விண்மீன் குழுவில், சூரியனைப் போலவே இருக்கும் ஒரு சாதாரண விண்மீன், 186 நாளுக்கு ஒருமுறை எதையோ சுற்றிக்கொண்டிருந்தது. எதைச் சுற்றுகிறது என்று பார்த்தால் அங்கே ஒன்றும் தெரியவில்லை.

அவருடைய குழு அதோடு விடவில்லை. ஹவாயில் உள்ள ஜெமினி வடக்குத் தொலைநோக்கி உட்படப் பல கருவிகளால் அந்த விண்மீனின் நிறமாலையை, அதாவது அதன் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்த பட்டையை எடுத்தார்கள். விண்மீன் நம்மை நோக்கி வரும்போது நிறமாலைக் கோடுகள் நீலப் பக்கம் நகரும்; விலகும்போது சிவப்புப் பக்கம். எவ்வளவு நகர்ந்தது என்பதிலிருந்து வேகம் கிடைத்துவிடும். கையா சொன்ன பாதையும் நிறமாலை சொன்ன வேகமும் ஒன்றுக்கொன்று தனித்தனியாக எடுத்த அளவுகள். இரண்டும் பொருந்தின. பாதையின் அளவும் சுற்றும் காலமும் தெரிந்தால் நடுவில் இருப்பதன் நிறையைக் கெப்ளர் விதியால் கணக்குப் போட்டுவிடலாம். 9.6 சூரியன் என்று வந்தது. சுகன்யா சக்ரபர்த்தி தலைமையிலான இன்னொரு குழுவும் தனியாக இதே முடிவுக்கு வந்தது.

பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிற்கப் போனவர்கள் வீட்டில் பிறந்த உங்களுக்கு ஐந்தொகை போடுவது பற்றிச் சொல்லவேண்டியதில்லை. எல்லாப் பேரேட்டையும் கூட்டியபின் ஒரு பெருந்தொகை யார் பேரிலும் ஏறாமல் நின்றால், பணம் காற்றில் போய்விட்டது என்று யாரும் எழுதமாட்டார்கள். பெயர் எழுதாத ஒருவர் கையில் அது இருக்கிறது என்றுதான் பொருள். இங்கேயும் அதே நிலைமைதான். ஈர்ப்புக் கணக்கு பத்தரைச் சூரியன் நிறை கேட்கிறது. ஒளியாகக் கண்ணில் படுவது ஒரு சூரியன்கூட முழுதாக இல்லை. மீதி யார்?

அந்த மீதி சாதாரண விண்மீனாக இருக்கமுடியாது. 9.6 சூரியன் நிறையுள்ள விண்மீன், பக்கத்தில் இருக்கும் துணையைவிட ஆயிரக்கணக்கான மடங்கு பிரகாசமாக எரியும். கண்ணுக்குத் தப்பவே தப்பாது. செத்துப்போன விண்மீன்களின் மிச்சமாகவும் பார்க்கலாம். வெள்ளைக் குள்ளன் 1.4 சூரிய நிறைக்கு மேல் தாங்காது. அந்த எல்லையைக் கண்டு சொன்னவர் நம் சந்திரசேகர். நியூட்ரான் விண்மீனின் உச்சவரம்பும் இரண்டு சூரியனுக்கும் மூன்று சூரியனுக்கும் நடுவில் எங்கோதான். ஒன்பதரையைத் தாங்கக்கூடியதாக இயற்பியலில் நாம் அறிந்தது கருந்துளை மட்டும்தான்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், இன்னும் தீராத ஒரு முடிச்சு. துணை விண்மீனுக்கும் கருந்துளைக்கும் சராசரி இடைவெளி, பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தைப்போல் 1.4 மடங்குதான். ஆனால் கருந்துளையாவதற்கு முன் அது சூரியனைப்போல் இருபது மடங்குக்குக் குறையாத பெரிய விண்மீனாக இருந்திருக்கவேண்டும். அப்படிப்பட்டது கடைசிக் காலத்தில் ராட்சத அளவுக்கு ஊதும். இந்தத் துணை இருக்கும் இடத்தையும் தாண்டி ஊதியிருக்கும். துணை அப்போதே உள்ளே போயிருக்கவேண்டும். போகவில்லை, அமைதியாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. இரண்டும் நெருக்கமான விண்மீன் கூட்டத்தில் தனித்தனியாக இருந்து பிறகு சேர்ந்தன என்கிறார்கள் சிலர். பெரியது ஊதவே இல்லை என்கிறார்கள் வேறு சிலர். எல்லோரும் ஒப்புக்கொள்ளும் விடை இன்னும் வரவில்லை.

இனி, பட்டியலிலிருந்து போன பெயரின் கதை. பேரன் பார்த்த வீடியோ பழையதாக இருந்தால் அதில் வந்தது இதுவாகக்கூட இருக்கலாம். 2020 மே மாதம், எச்ஆர் 6819 என்ற இடத்தில், சுமார் ஆயிரம் ஒளியாண்டு தூரத்தில் ஒரு கருந்துளை இருப்பதாக ஐரோப்பிய தெற்கு வானாய்வகத்தைச் சேர்ந்த குழு அறிவித்தது. வெறுங்கண்ணுக்கே தெரியும் விண்மீனுக்குள் கருந்துளை என்பதால் உலகம் முழுக்கச் செய்தியானது. அவர்கள் பார்த்தது இது: ஒரு விண்மீன் 40 நாளில் எதையோ சுற்றுகிறது, இன்னொரு விண்மீன் அசையாமல் இருப்பதுபோல் தெரிகிறது. சுற்றுவது நல்ல கனமான விண்மீன் என்று எடுத்துக்கொண்டால், அதைச் சுழற்றுவதற்கு நடுவில் நாலு சூரியன் நிறையுள்ள கண்ணுக்குத் தெரியாத ஒன்று வேண்டும். அசையாத விண்மீன் வெளியே தூரத்தில் இருக்கவேண்டும்.

பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தில் ஒரு குழு வேறு மாதிரி சொன்னது. சுற்றும் விண்மீன் கனமானதே இல்லாமல் இருக்கலாம்; பக்கத்து விண்மீன் அதன் மேலுறையை உறிஞ்சிவிட்டதால் மெலிந்துபோய், பார்வைக்கு மட்டும் கனமானதுபோல் தோன்றலாம். அப்படியானால் நடுவில் யாரும் தேவையில்லை. இரண்டும் ஒன்றையொன்று சுற்றுகின்றன, மெலிந்தது அதிகமாக ஆடுகிறது, கனமானது ஆடாததுபோல் தெரிகிறது. எது சரி என்று பார்க்க ஒரு தெளிவான சோதனை இருந்தது. முதல் குழு சொன்னது சரியென்றால் இரண்டு விண்மீனும் நன்றாக விலகியிருக்கவேண்டும். இரண்டாம் குழு சரியென்றால் ஒட்டினாற்போல் இருக்கவேண்டும். இரண்டு குழுவும் சேர்ந்தே அந்தச் சோதனையைச் செய்தன. சிலியில் உள்ள மிகப்பெரும் தொலைநோக்கிகளை இணைத்துப் பார்த்தார்கள். ஒட்டினாற்போல்தான் இருந்தன. 2022-ல் முடிவு வந்தது: அங்கே கருந்துளை இல்லை. முதலில் அறிவித்தவரே அந்தக் கட்டுரையிலும் பெயர் சேர்த்துக்கொண்டார். அறிவியலில் நான் மதிக்கும் நாகரிகம் இது, ஆச்சி. பிள்ளைகளுக்குக் கருந்துளையைவிட இதை முதலில் சொல்லவேண்டும் என்று நினைப்பேன்.

கவனித்தீர்களா, இரண்டு இடத்திலும் முறை ஒன்றுதான்: துணையின் நடையை வைத்து நடுவில் இருப்பதை எடைபோடுவது. எச்ஆர் 6819-ல் துணையின் எடையையே ஊகித்துக்கொண்டார்கள், கணக்கு மொத்தமும் அதனால் சாய்ந்தது. கையா பிஎச்1-இல் துணை சூரியனைப் போன்றது. அதன் எடையில் பெரிய சந்தேகத்துக்கு இடமில்லை. அதற்கு மேல் பாதை வானில் நேராகவே அளக்கப்பட்டிருக்கிறது. அதனால்தான் அதை நம்பி முதலிடத்தில் வைக்கிறோம். ஒற்றைக்கொம்பன் என்ற செல்லப்பெயரோடு, கருந்துளை இருப்பதாக 2021-ல் பேசப்பட்ட வி723 மோன் விண்மீனின் கதையும் எச்ஆர் 6819 மாதிரியேதான் முடிந்தது.

இரண்டாவது இடம் கையா பிஎச்3. இதைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேசவேண்டும், உங்கள் மாடிக்கு இதுதான் சரியான ஆள். 2024 ஏப்ரலில் அறிவித்தார்கள். நாலாவது தொகுப்பைத் தயார் செய்யும்போதே கையா குழுவினர் கண்ணில் இது பட்டுவிட, தொகுப்பு வரும்வரை வைத்திருக்க மனமில்லாமல் முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். காரணம் அதன் எடை: ஏறத்தாழ 33 சூரியன். விண்மீன் இறந்து உருவான கருந்துளைகளில், நம் பால்வீதிக்குள் இத்தனை கனமானது அதுவரை உறுதியாகத் தெரியவில்லை. சிக்னஸ் எக்ஸ்-1 என்று பேர்பெற்றதே 21 சூரியன்தான்.

இதன் எல்லைக்குக் காரைக்குடியில் வட்டம் போட்டால் ஆரம் 97 கிலோமீட்டர் வரும். மதுரை, திருச்சி, தஞ்சாவூர், ராமநாதபுரம் அத்தனையும் உள்ளே. ராமேசுவரம் மயிரிழையில் வெளியே. தூரம் சுமார் 1,926 ஒளியாண்டு. பாரியின் பறம்பு மலை நம் பிரான்மலைதான் என்று சொல்வார்களே, அந்தச் சங்க காலத்தில் கிளம்பிய ஒளி இப்போது வந்துகொண்டிருக்கிறது.

துணை ஒரு பழைய விண்மீன். 11.6 ஆண்டுக்கு ஒருமுறை நீள்வட்டமாகச் சுற்றுகிறது. நெருங்கும்போது சூரியனுக்கும் வியாழனுக்கும் உள்ள தூரம் அளவுக்கு வரும், விலகும்போது நெப்டியூன் தூரத்துக்குப் போய்விடும். அதன் உடலில் இரும்பு போன்ற கனத் தனிமங்கள் சூரியனில் இருப்பதில் முந்நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. இது சின்ன விவரம்போல் தோன்றும், ஆனால் கருந்துளை ஏன் இவ்வளவு கனம் என்பதற்கு விடை இங்கேதான் இருக்கிறது. பெரிய விண்மீன்கள் வாழும்போதே தங்கள் மேற்பரப்பைக் காற்றாக வீசி இழந்துகொண்டிருக்கும். அந்தக் காற்றைத் தள்ளுவது பெரும்பாலும் கனத் தனிமங்களின் மேல் மோதும் ஒளி. கனத் தனிமம் குறைவாக இருந்தால் காற்றும் குறைவு, இழப்பும் குறைவு. இறக்கும்போது நிறைய மிச்சம் இருக்கும். மிச்சம் முழுக்கக் கருந்துளையாகும். 2015 செப்டம்பர் 14-ல் முதன்முதலாக ஈர்ப்பு அலைகளைப் பிடித்தபோது, மோதிய இரண்டு கருந்துளைகளும் சூரியனைப்போல் முப்பது மடங்கை ஒட்டியவை. இவ்வளவு கனமானவை எப்படி வந்தன என்று அப்போது எல்லோரும் திகைத்தார்கள். நம் தெருவிலேயே அப்படி ஒன்று, தனிமம் குறைந்த துணையோடு கிடைத்தது அதற்கு வலுவான சாட்சி. இந்த ஜோடி பால்வீதியின் மற்ற விண்மீன்கள் சுழலும் திசைக்கு எதிராக ஓடுகிறது. வெளியிலிருந்து வந்து, எப்போதோ நம் மண்டலத்தில் கரைந்துபோன ஒரு சிறு விண்மீன் கூட்டத்தின் மிச்சம் என்பதற்கு அதுவும் ஒரு தடயம்.

மற்றவற்றைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். கையா பிஎச்2 சென்டாரஸ் குழுவில் 3,800 ஒளியாண்டில் இருக்கிறது. ஒன்பது சூரியன் நிறை, துணை ஒரு சிவப்பு ராட்சத விண்மீன், சுற்று மூன்றரை ஆண்டு. கையா வருவதற்கு முன் பல காலம் முதலிடத்தில் இருந்தது ஏ0620-00. அது மூவாயிரம் ஒளியாண்டுக்கும் அப்பால், திருவாதிரைக்கும் சிரியசுக்கும் நடுவில் இருக்கிறது. கையா கண்டவை எக்ஸ் கதிர் வீசாத ஊமைகள், ஏ0620-00 அப்படியல்ல. துணை எட்டு மணி நேரத்துக்குள் ஒரு சுற்று சுற்றும் அளவுக்கு ஒட்டி நிற்கிறது, அதிலிருந்து வாயு கருந்துளையின் பக்கம் வழிகிறது. வழிந்த வாயு தட்டாகச் சேர்ந்து, சூடேறி, எப்போதாவது வெடித்து எரியும். 1975-ல் அப்படி எரிந்தபோது ஏரியல் 5 செயற்கைக்கோள் பிடித்தது. சில நாள் சூரியனைத் தவிர வானத்திலேயே மிகப் பிரகாசமான எக்ஸ் கதிர் மூலமாக இருந்தது. பழைய ஒளிப்படத் தகடுகளைப் புரட்டினால் 1917-லும் எரிந்திருப்பது தெரிந்தது. 1986-ல்தான் அதை எடைபோட்டு, நியூட்ரான் விண்மீனாக இருக்கமுடியாது என்றார்கள்.

சிக்னஸ் எக்ஸ்-1, 7,200 ஒளியாண்டு. 1964-ல் ராக்கெட்டில் வைத்து அனுப்பிய கருவி எக்ஸ் கதிரைப் பிடித்தது. அது கருந்துளை இல்லை என்று ஹாக்கிங் 1974-ல் கிப் தோர்னிடம் பந்தயம் கட்டி, 1990-ல் தோற்றதாக ஒப்புக்கொண்டார். நம் இஸ்ரோ 2015 செப்டம்பர் 28-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து அனுப்பிய ஆஸ்ட்ரோசாட்டும் இதன் எக்ஸ் கதிர்களை ஆராய்ந்திருக்கிறது.

துணையே இல்லாத கருந்துளையும் ஒன்று கிடைத்திருக்கிறது. 2011-ல் வெகுதூரத்து விண்மீன் ஒன்று பல மாதம் பிரகாசம் கூடிக் குறைந்தது. நடுவில் ஏதோ கடந்து போகும்போது அதன் ஈர்ப்பு பின்னால் இருந்த ஒளியை வளைத்துக் குவித்திருக்கிறது. கைலாஷ் சாஹு குழுவினர் ஹபிள் தொலைநோக்கியால் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்த்து, கடந்தது சுமார் ஏழு சூரியன் நிறையுள்ள தனிக் கருந்துளை, தூரம் 5,000 ஒளியாண்டு என்று 2022-ல் சொன்னார்கள்.

அந்த ஒன்று நிறையச் சொல்கிறது. பால்வீதியில் விண்மீன் இறந்து பிறந்த கருந்துளைகள் பத்துக் கோடி வரை இருக்கலாம் என்பது பொதுவான மதிப்பீடு. நாம் எடைபோட்டது சில பத்துகள்தான். பெரும்பாலானவை துணையின்றி, வாயு கிடைக்காமல், இருட்டில் போய்க்கொண்டிருக்கின்றன. 1,560 ஒளியாண்டுக்குள் வேறு கருந்துளை இருக்கவே செய்யும். காட்டிக்கொடுக்க யாரும் பக்கத்தில் இல்லை, அவ்வளவுதான். ரோகிணியைச் சுற்றித் தெரியும் ஹையடீஸ் கூட்டம் 150 ஒளியாண்டுதான். அதன் விண்மீன்கள் இப்போது பரவியிருக்கும் விதத்தைக் கணினியில் உருவாக்கிப் பார்த்த ஆய்வாளர்கள், நடுவில் இரண்டு மூன்று கருந்துளைகள் இருந்தால், அல்லது சமீப காலம்வரை இருந்திருந்தால் இது நன்றாகப் பொருந்துகிறது என்று 2023-ல் எழுதினார்கள். அது கணக்கு காட்டும் வாய்ப்பு, எடைபோட்டுக் கண்டது கிடையாது. அதனால் பட்டியலில் சேர்க்கமாட்டேன். 150 ஒளியாண்டானாலும் பயம் வேண்டாம். மேலே சொன்ன இழுப்புக் கணக்கை அதற்கும் போட்டுப் பார்த்தால் ஆல்ஃபா சென்டாரிக்குப் பக்கத்தில்கூட வராது.

கையா 2025 ஜனவரியில் அளப்பதை நிறுத்திவிட்டது. அது சேர்த்துவைத்த அளவுகளின் நாலாவது தொகுப்பை 2026 டிசம்பரில் வெளியிடத் திட்டம். அதில் நீண்ட சுற்றுள்ள ஜோடிகள் நிறைய வரும். முதலிடம் மாறினால் நான் ஆச்சரியப்படமாட்டேன்.

இப்போது மாடி. ஜூன் மாதம் வந்திருப்பது நல்லதாகிவிட்டது. இரவு எட்டு மணிக்கு நேர் தெற்கே, அடிவானத்திலிருந்து, கையை நீட்டிப் பிடித்தால் மூன்று முஷ்டி உயரத்தில் பாருங்கள். பஞ்சு ஒட்டியதுபோல் மங்கலாக ஒரு விண்மீன் தெரியும். அது தனி விண்மீன் கிடையாது, லட்சக்கணக்கான விண்மீன்களின் பந்து, ஒமேகா சென்டாரி. அதன் நடுவில் ஏழு விண்மீன்கள் தப்பி ஓடவேண்டிய வேகத்தில் ஓடியும் தப்பாமல் இருப்பதைக் கண்டு, குறைந்தது 8,200 சூரியன் நிறையுள்ள கருந்துளை அங்கே இருக்கவேண்டும் என்று 2024-ல் சொன்னார்கள். பத்தரை மணிக்கு மேல் தென்கிழக்கில் மூலத்துக்கும் பூராடத்துக்கும் நடுவே பாருங்கள். பால்வீதி தடித்துத் தெரியும் அந்த இடத்துக்குப் பின்னால், சுமார் 27,000 ஒளியாண்டில், நாற்பது லட்சம் சூரியன் நிறையோடு நம் மண்டலத்தின் நடுக் கருந்துளை இருக்கிறது. அதன் நிழலின் படம் 2022 மே மாதம் வெளியானது. பேரனிடம் அந்தப் படத்தைக் கைபேசியில் காட்டிவிட்டு, இடத்தை வானத்தில் காட்டுங்கள்.

நடுநிசிக்குச் சற்று முன் கையா பிஎச்1 உச்சிக்குச் சற்றுத் தெற்கே வரும். துணை விண்மீன் மிக மங்கல், பத்து அங்குலத் தொலைநோக்கியும் நல்ல இருட்டும் வேண்டும். அதற்காகக் கருவி வாங்கவேண்டாம். பிஎச்3-இன் துணை அப்படியல்ல, ஆறு அங்குலத்திலேயே தெரிகிறது. பதினொரு மணிக்குக் கிழக்கே திருவோணத்தைக் கண்டுபிடியுங்கள். இரண்டு பக்கமும் காவல்போல ஒவ்வொரு சிறு விண்மீன் நிற்க, நடுவில் பளிச்சென்று இருக்கும். அதற்கு வடக்கே ஏழு டிகிரி, கையை நீட்டிப் பிடித்தால் நாலு விரல் அகலம். வான வரைபடச் செயலியில் 19 மணி 39 நிமிடம், வடக்கு 14 டிகிரி 56 நிமிடம் என்று இட்டால் இடத்தைச் சரியாகக் காட்டும்.

ஆத்தங்குடியில் ஒரு வீட்டு மாடியில் இதைச் சிலருக்குக் காட்டியிருக்கிறேன். பார்வைக்கு ஒன்றுமில்லை, சுற்றியுள்ள புள்ளிகளைப்போல அதுவும் ஒரு வெளிர்மஞ்சள் புள்ளி. பிள்ளைகள் பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டார்கள். ஒரு பெரியவர் மட்டும் வில்லையில் கண்ணை வைத்தபடி நெடுநேரம் நின்று, “இது யாரைச் சுத்துது?” என்று கேட்டார். கரீம் எல்-பத்ரி கேட்டதும் இதே கேள்விதான்.

நிலா வெளிச்சம் இருந்தால் எதுவும் சரியாகத் தெரியாது, அமாவாசையை ஒட்டிய நாளாகப் பாருங்கள். வளவு விளக்கையும் மாடி விளக்கையும் அணைத்துவிட்டு, கைபேசியைப் பார்க்காமல் இருபது நிமிடம் கண்ணை இருட்டுக்குப் பழக்குங்கள். தொலைநோக்கி இல்லையென்றால் தேதியைச் சொல்லுங்கள் ஆச்சி, கானாடுகாத்தான் எனக்குப் பக்கம்தான், ஆறு அங்குலத்தை எடுத்துக்கொண்டு வருகிறேன்.